பட்டன் யார் கையில், மின்சாரம் யார் கையில்? சின்ன லினக்ஸ் போர்டுகளுக்கு நான்கு வழிகள்

ராணிப்பேட்டை சிப்காட்டிலிருந்து வாணியம்பாடி வரை, தோல் ஷாப்புகளிலும் ஷூ கம்பெனிகளிலும் ராஸ்பெர்ரி பை மாதிரி சின்ன லினக்ஸ் போர்டு (லினக்ஸ் இயங்குதளம் ஓடும் கையளவுக் கணினி) வைத்த பெட்டிகள் இப்போது அங்கங்கே தென்படுகின்றன. ஓட்டமானியைப் படித்து அளவை அனுப்புவது, தோல் பதனிடும் டிரம் எவ்வளவு நேரம் சுற்றியது என்று பதிவது, பம்பைப் போடுவது, நிறுத்துவது என்று வேலை எளியதுதான். இப்படிப் பெட்டி செய்கிறவர்கள் போர்டு வாங்கும்போது பார்ப்பது ப்ராசஸர், ரேம், விலை. பவர் பட்டனையும் மின்சாரம் கொடுக்கும் முறையையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். நான் அதை முதலில் முடிவு செய்யச் சொல்வேன். பெட்டி வருஷக்கணக்கில் உழைக்குமா, சில மாதத்திலேயே எஸ்டி கார்டு கெட்டுத் திரும்பி வருமா என்பது பெரும்பாலும் இந்த இரண்டையும் பொறுத்துத்தான் இருக்கிறது.

மேல்விஷாரத்தில் ஒரு ஷிப்ட் சூப்பர்வைசர் தன் தேவையை இப்படிச் சொன்னார்: "தம்பி, பட்டனை அமுக்கினா அணையணும். மறுபடி அமுக்கினா எழுந்துக்கணும். கரண்ட் போய் வந்தா யாரும் தொடாமலே ஓடணும்." மூன்றும் நியாயமான தேவைகள். ஆனால் மூன்றையும் செய்யப்போவது ஒரே ஆள் இல்லை. அணைக்கும்போது லினக்ஸ் உயிரோடு இருக்கிறது, ஃபைல்களை மூடிவிட்டு அணையும் வேலையை அதுவே செய்யலாம். எழுப்பும்போது லினக்ஸே இல்லை, அதனால் அது முழுக்க ஹார்டுவேரின் வேலை. கரண்ட் திரும்பி வரும்போது என்ன நடக்கும் என்பது சப்ளை எப்படி வருகிறது என்பதைப் பொறுத்தது. அவர் கேட்காத நான்காவது ஒன்றும் இருக்கிறது: லினக்ஸ் உறைந்து நின்றுவிட்டால் அந்தப் பட்டன் எதற்காவது உதவுமா? கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்த நான்கு கேள்விகளை வைத்துத்தான் பார்க்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். இங்கே பேசுவது பெட்டியின் பவர் பட்டனைப் பற்றி. டிரம்மையோ பம்பையோ அவசரமாக நிறுத்தும் சிவப்பு பட்டன் எந்தக் காரணத்துக்காகவும் லினக்ஸ் வழியாகப் போகக் கூடாது. அது மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் கான்டாக்டரின் காயிலுக்குப் போகும் ஒயரை நேரடியாக வெட்ட வேண்டும். போர்டுக்கு அந்தச் செய்தி தெரிய வேண்டுமானால் பட்டனில் இன்னொரு கான்டாக்ட் பிளாக் போட்டுத் தனியாகக் கொடுங்கள். ஆள் கை சிக்கும் இடத்தில் மென்பொருளை நம்பக் கூடாது, இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

ஸ்கிரிப்ட் வழி

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு ஜிபிஐஓ பின்னில் (நிரலால் படிக்கவோ அசைக்கவோ முடியும் போர்டின் கால்) பட்டனை இணைத்து, பைத்தானில் பத்து வரி எழுதி, அமுக்கினால் ஷட்டவுன் கட்டளை கொடுக்கச் செய்வது. காட்பாடியில் கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்டுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் வருகிறது. கற்றுக்கொள்வதற்கு நல்ல வழி. விற்கிற பெட்டிக்கு இது வேண்டாம்.

காரணம் வேகமோ துல்லியமோ இல்லை, இந்தப் பத்து வரி நிற்கும் தரை அசைந்துகொண்டே இருக்கிறது. சிஸ்எஃப்எஸ் (சாதனங்களைச் சின்ன ஃபைல்களாகக் காட்டும் இடம்) வழியாக பின்னைத் தொடும் பழைய முறையை, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 4.8 காலத்திலேயே, அதாவது 2016இல், கைவிட வேண்டியது என்று அறிவித்துவிட்டார்கள். ராஸ்பெர்ரி பையில் கெர்னல் 6.6 வந்தபோது பின் எண்கள் 512இலிருந்து தொடங்க ஆரம்பித்தன, பழைய எண்ணை நேராக எழுதி வைத்த ஸ்கிரிப்டுகள் நின்றன. ராஸ்பெர்ரி பை 5இல் பின்கள் ஆர்பி1 என்ற தனிச் சிப்புக்கு மாறியதால், ஊரெல்லாம் பயன்படுத்திய ஆர்பிஐ.ஜிபிஐஓ லைப்ரரி அதில் ஓடவே ஓடாது. நாலு கேள்விகளில் முதல் ஒன்றுக்குத்தான் ஸ்கிரிப்டிடம் பதில் இருக்கிறது, அதுவும் அந்தச் சர்வீஸ் விழுந்துவிடாமல் இருந்தால்.

டிவைஸ் ட்ரீ வழி

இரண்டாவது வழி, இந்த பின்னில் ஒரு பட்டன் இருக்கிறது என்று கெர்னலுக்கே சொல்லிவிடுவது. டிவைஸ் ட்ரீயில், அதாவது போர்டில் எது எங்கே இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் ஃபைலில், ஜிபிஐஓ-கீஸ் என்ற வகையில் ஒரு பகுதி எழுதி, பின் எண், தரையோடு (கிரவுண்டோடு) சேரும்போது அமுக்கியதாகக் கொள்வதா என்பது, அது எந்த விசை என்பது ஆகியவற்றைக் குறிப்பிட்டால் போதும். பவர் விசையின் எண் 116. அப்புறம் அது விசைப்பலகையில் உள்ள ஒரு விசை மாதிரியேதான் லினக்ஸுக்கு. சிஸ்டம்டி (சர்வீஸ்களை நிர்வகிக்கும் மென்பொருள்) இருக்கும் போர்டானால் அதன் பகுதியான லாகின்ட் அந்த விசையைத் தானே கவனித்து ஒழுங்காக அணைத்துவிடும், நீங்கள் ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டாம். இவ்-டெஸ்ட் கருவியை ஓடவிட்டுப் பட்டனை அமுக்கினால் 116 வருகிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். கெர்னல் மாறினாலும் இந்த விவரிப்பு பெரும்பாலும் அப்படியே செல்லும்.

இதில் கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன. லாகின்ட் சும்மா விட்டால் ஒரு சின்னத் தொடுதலுக்கே அணைத்துவிடும். துடைக்க வந்தவர் துணி பட்டாலும் பெட்டி போய்விடும். புதிய பதிப்புகளில் குறுகிய அமுக்கலைப் புறக்கணித்து, நீண்ட அமுக்கலுக்கு மட்டும் அணைக்கும்படி லாகின்டின் அமைப்பு ஃபைலிலேயே சொல்லலாம். பொது இடத்தில் வைக்கும் எந்தப் பெட்டிக்கும் இதைச் செய்துவிடுங்கள். இன்னொன்று, வேக்கப்-சோர்ஸ் என்ற குறிப்பு. இதைப் போட்டால் அணைந்த பெட்டி எழுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது உறக்க நிலையிலிருந்து எழுப்புவதற்கு மட்டும். முழுக்க அணைந்த போர்டுக்கு அந்த வரி இருப்பதே தெரியாது.

ராஸ்பெர்ரி பையில் இதற்கு ஜிபிஐஓ-ஷட்டவுன் என்ற ஓவர்லே (டிவைஸ் ட்ரீயோடு சேர்க்கும் சின்ன ஒட்டு) தயாராக இருக்கிறது. கான்ஃபிக் ஃபைலில் ஒரே வரி. வேறு எதுவும் சொல்லாவிட்டால் அது ஜிபிஐஓ 3ஐ எடுத்துக்கொள்ளும், டிபவுன்ஸ் (பட்டனின் அதிர்வைப் பொருட்படுத்தாத நேரம்) 100 மில்லிசெகண்ட். அந்த பின்னுக்கு ஒரு தனிக் குணம் உண்டு: பை ஷட்டவுன் ஆகி நிற்கும்போது ஜிபிஐஓ 3 தரையைத் தொட்டால் மறுபடி பூட் ஆகும். ஆக ஒரே பட்டனில் அணைக்கவும் எழுப்பவும் முடிகிறது, முதல் இரண்டு கேள்விகளும் தீர்ந்தன. ஆனால் அதே ஜிபிஐஓ 3தான் ஐ2சி பஸ்ஸின் (சிப்புகள் ஒன்றோடொன்று பேசும் இணைப்பு) கிளாக் ஒயர். நேரம் காட்டும் டிஎஸ்3231 மாட்யூலை அங்கே மாட்டியிருந்தால் பட்டனுக்கு இடமில்லை. தொழிற்சாலைப் பதிவுக்குச் சரியான நேரம் கட்டாயம் வேண்டும், அங்கே இணையம் எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் நான் செய்யும் பெட்டிகளில் ஐ2சியே அந்த பின்னை எடுத்துக்கொள்கிறது. வேறு பின்னுக்குப் பட்டனை மாற்றினால் அணைக்க மட்டும்தான் முடியும், எழுப்ப முடியாது.

உறைந்துபோன லினக்ஸுக்கு இந்த வழியிலும் மருந்து இல்லை. விசை அமுங்கிய செய்தி கெர்னலுக்கு வந்தாலும் அதைக் கேட்டு நடக்க லாகின்ட் உயிரோடு இருக்க வேண்டும். லினக்ஸ் உறைந்தால் போர்டைத் தானே ரீபூட் செய்யும் ஹார்டுவேர் வாட்ச்டாகை இயக்கிவிட்டால் இந்தக் குறை கொஞ்சம் குறையும்.

பட்டனைப் பற்றியே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், இந்த மாவட்டங்களில் இதுதான் அதிகம் படுத்துகிறது. தோலில் மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு போடுகிறார்கள். அந்தப் பகுதிக் காற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும், வெள்ளி முலாம் பூசிய கான்டாக்டுகள் அதில் கறுத்துப்போகும். ராஸ்பெர்ரி பையின் உள்ளிருக்கும் புல்-அப் (பின்னை 3.3 வோல்ட்டுக்கு இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) சுமார் 50 கிலோ ஓம். 3.3 வோல்ட்டில் பட்டன் வழியே ஓடுவது வெறும் 66 மைக்ரோ ஆம்பியர். கறுத்த மேல்படலத்தைத் துளைத்துப் போக அது போதாது. பட்டன் அமுங்கும், சத்தமும் வரும், போர்டுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. வெளியே 1 கிலோ ஓம் புல்-அப் போட்டால் 3.3 மில்லி ஆம்பியர் ஓடும், கான்டாக்ட் தன்னைத்தானே சுத்தமாக வைத்துக்கொள்ள அது உதவும். தங்க முலாம் கான்டாக்ட் உள்ள, தூசியும் நீரும் புகாதபடி ஐபி67 தரத்தில் மூடிய பட்டன் வாங்கினால் இன்னும் நல்லது. பட்டன் பெட்டியிலிருந்து தள்ளி இருந்தால் ஒயர் ஒரு ஆன்டெனா, பக்கத்தில் டிரம் மோட்டாரின் கான்டாக்டர் விழும்போதெல்லாம் அதில் துடிப்பு ஏறும். பின்னுக்குப் பக்கத்தில் 10 கிலோ ஓமும் 100 நானோ ஃபாரடும் சேர்த்த வடிகட்டி 1 மில்லிசெகண்டுக்குக் குறைந்த துடிப்புகளை அடக்கிவிடும். அதற்கு மேல் ஜிபிஐஓ-கீஸின் டிபவுன்ஸ்-இன்டர்வல் இருக்கிறது. அதன் இயல்பு அளவு 5 மில்லிசெகண்ட், நான் 50க்குக் குறைத்து வைப்பதில்லை. ஒயர் கட்டடத்தைத் தாண்டிப் போகுமானால் பிசி817 போன்ற ஆப்டோகப்ளர் (ஒளி வழியே செய்தி கடத்தும் சிப்) போட்டுப் பிரித்துவிடுங்கள், சில ரூபாய் வேலை.

பவர் சிப் பார்த்துக்கொள்ளும் வழி

மூன்றாவது வழியில் பட்டன் ப்ராசஸருக்குப் போவதில்லை. போர்டின் எல்லா மின்னழுத்தங்களையும் தரும் பிஎம்ஐசி என்ற சிப்புக்கே நேராகப் போகிறது. குறுகிய அமுக்கலை அது இன்டரப்டாக (கவனி என்ற சமிக்ஞையாக) லினக்ஸுக்குச் சொல்கிறது, வழக்கம்போல 116 வருகிறது. நீண்ட நேரம் பிடித்தால் யாரையும் கேட்காமல் மின்சாரத்தையே வெட்டுகிறது. அணைந்த நிலையிலும் அதற்குத் துளி உயிர் இருப்பதால் அதுவே எழுப்பவும் செய்கிறது.

2013இல் வந்த பீகிள்போன் பிளாக் இதற்கு நல்ல உதாரணம். அதில் டிபிஎஸ்65217 சிப். பட்டனை 8 விநாடி பிடித்தால் லினக்ஸ் எந்த நிலையில் இருந்தாலும் அணையும். அதே பட்டனின் ஒயர் பி9 வரிசையில் 9ஆவது பின்னில் வெளியே வருகிறது, பெட்டியின் கதவில் வைக்கும் பட்டனை அங்கேயே இணைக்கலாம். ஒரு எச்சரிக்கை: அந்த ஒயர் 5 வோல்ட்டுக்கு இழுத்து வைக்கப்பட்டது, 3.3 வோல்ட் பின் எதையும் அதோடு சேர்க்காதீர்கள். தரையோடு சேர்க்கும் வெறும் பட்டன் மட்டும் போதும்.

ஒலிமெக்ஸின் ஏ20 லைம்2 போர்டில் இருக்கும் ஏஎக்ஸ்பி209 எனக்கு இன்னும் பிடிக்கும், ஏனென்றால் நேரத்தை நாமே வைக்கலாம். எழுப்ப எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும் என்பதை 128 மில்லிசெகண்ட், 1, 2, 3 விநாடி என்றும், வெட்டுவதற்கு 4, 6, 8, 10 விநாடி என்றும் தேர்ந்தெடுக்கலாம். கெர்னல் டிரைவர் இந்த இரண்டையும் ஸ்டார்ட்டப், ஷட்டவுன் என்ற இரு சிறு ஃபைல்களாகக் காட்டுகிறது. எழுப்ப 2 விநாடி, வெட்ட 10 விநாடி என்று வைத்துவிட்டால் கை பட்டு எதுவும் ஆகாது, வேண்டும் என்று செய்பவருக்கும் சிரமமில்லை. ஐ.எம்எக்ஸ்6 போர்டுகளில் ஆன்-ஆஃப் பின் இதே வேலையைச் செய்கிறது, அங்கே இயல்பு அளவு 5 விநாடி. ராஸ்பெர்ரி பை 5க்கும் இப்போது போர்டிலேயே பவர் பட்டன் இருக்கிறது, ஜே2 என்று குறித்த இரு துளைகளில் வெளிப் பட்டனைப் பற்றவைக்கலாம். ஜிபிஐஓ 3 சண்டை அங்கே இல்லை.

ராக்சிப் போர்டுகளில் ஆர்கே808 சிப்புக்கு டிவைஸ் ட்ரீயில் சிஸ்டம்-பவர்-கன்ட்ரோலர் என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது விடுபட்டால் லினக்ஸ் அணைந்ததாகத் திரையில் வரும், போர்டு சூடாகவே இருக்கும்.

முதல், இரண்டாம், நான்காம் கேள்விகளுக்கு இந்த வழி முழு மதிப்பெண் வாங்குகிறது. மூன்றாவதுக்கும் பெரும்பாலும் சரி, சாதாரண அடாப்டரில் ஓடும் பெட்டி கரண்ட் வந்ததும் எழுந்துவிடும். பேட்டரி உள்ளே வந்தால்தான் கதை மாறுகிறது.

பேட்டரி வந்தால்

ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் கரண்ட் போனால் ஜெனரேட்டர் பிடிக்கச் சில விநாடியோ சில நிமிஷமோ ஆகும். அதற்காகப் பெட்டியில் 12 வோல்ட் பேட்டரி வைப்போம். மெயின் சப்ளை போனதைச் சொல்லும் ஒயரை ஆப்டோகப்ளர் வழியாக ஒரு பின்னுக்குக் கொடுத்து, நேரம் கடந்தால் ஒழுங்காக ஷட்டவுன் ஆகச் செய்வோம். இதுவரை சரி. இப்போது இப்படி யோசியுங்கள்: போர்டு ஷட்டவுன் ஆரம்பித்துவிட்டது. பாதி வழியில் ஜெனரேட்டர் பிடித்துக் கரண்ட் வந்துவிட்டது. ஷட்டவுன் நடுவில் நிற்காது, அணைந்து முடிக்கும். பேட்டரி இருப்பதால் போர்டுக்கு 5 வோல்ட் ஒரு கணமும் விடவில்லை. கரண்ட் புதிதாக வந்தது என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. பெட்டி அணைந்தே கிடக்கும், காலையில் யாராவது வந்து பார்க்கும்வரை. ஒரு இரவு முழுக்க ஓட்டமானியின் பதிவு போய்விடும்.

இதற்கு லினக்ஸுக்கு வெளியே ஒருவர் வேண்டும். நான்காவது வழி அதுதான். சுலபமான வடிவம், எல்டிசி2954 போன்ற பட்டன் கன்ட்ரோலர் சிப். 2.7 முதல் 26.4 வோல்ட் வரை தாங்குகிறது, ஆக 12 வோல்ட் பேட்டரியிலேயே நேராக உட்காரும். பட்டனை அமுக்கினால் மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) வழியாகச் சப்ளையைத் திறக்கும், அணைக்க அமுக்கினால் முதலில் போர்டுக்கு இன்டரப்ட் கொடுக்கும். போர்டு வேலையை முடித்துக் கில் பின்னை இழுத்ததும் வெட்டும். அந்தக் கடைசி இழுப்புக்குக் கெர்னலில் ஜிபிஐஓ-பவர்ஆஃப் டிரைவர் இருக்கிறது. எல்லாம் மூடி முடித்த பிறகு கெர்னலே அந்த பின்னை அசைக்கும், 3 விநாடிக்குள் மின்சாரம் போகாவிட்டால் எச்சரிக்கை எழுதும். ராஸ்பெர்ரி பையில் இந்த டிரைவருக்கான ஓவர்லேயைப் போட்டால் ஜிபிஐஓ 3இல் தொட்டு எழுப்பும் வசதி போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். பட்டன் கன்ட்ரோலரில் இன்னொரு குறை, அது பட்டனுக்குத்தான் காத்திருக்கும். பேட்டரி தீர்ந்துபோய்ப் பிறகு கரண்ட் வந்தால் தானாக எழுப்ப வெளியே ஒரு சின்னத் துடிப்புச் சுற்று சேர்க்க வேண்டும்.

பெரிய வடிவம், ஏடிடைனி85 போன்ற ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர். மெயின் சப்ளை இருக்கிறதா, போர்டு அணைந்து முடிந்ததா, பட்டன் எவ்வளவு நேரம் பிடிபட்டது என்று மூன்றையும் பார்க்கும். ஜெனரேட்டர் பாதியில் வந்த கதைக்கு இதன் பதில் நேரடியானது: போர்டு அணைந்து முடிக்கட்டும், சப்ளையை 5 விநாடி வெட்டு, மெயின் இருந்தால் திரும்பக் கொடு. லினக்ஸ் உறைந்துவிட்டதா என்பதையும் இதுவே கவனிக்கலாம், போர்டு அவ்வப்போது ஒரு பின்னை அசைக்காவிட்டால் வெட்டிக் கொடுக்கும். நான்கு கேள்விக்கும் பதில் சொல்வது இந்த ஒரு வழிதான். விலை என்னவென்றால், இன்னொரு நிரலை நீங்கள் எழுதிப் பராமரிக்க வேண்டும். அதில் பிழை இருந்தால் நல்ல லினக்ஸையும் அது கொன்றுவிடும். அதனால் அந்த நிரலில் இந்த வேலைகளைத் தவிர வேறு எதையும் ஏற்றாதீர்கள்.

என் தேர்வு இப்படிப் போகிறது. அடாப்டரில் ஓடும் அறிவிப்புத் திரை, பள்ளி ஆய்வகம், கல்லூரி ப்ராஜெக்ட் எல்லாவற்றுக்கும் ஓவர்லேயும் ஜிபிஐஓ 3உம் போதும், செலவே இல்லை. ஷூ கம்பெனி லைனில் ஆட்கள் பக்கத்திலேயே இருக்கும் எண்ணும் பெட்டிகளுக்குப் பிஎம்ஐசி பட்டன் உள்ள போர்டு. பேட்டரியோடு கழிவுநீர் பம்புப் பக்கம் ஆளில்லாமல் நிற்கும் பெட்டிக்கு மைக்ரோகன்ட்ரோலர், அதிலிருந்து போர்டுக்கு வரும் ஒயரை டிவைஸ் ட்ரீயில் ஜிபிஐஓ-கீஸாகவே அறிவித்துவிடுவேன். அப்போது லினக்ஸ் பக்கத்தில் தனி நிரல் தேவையில்லை.

ரெகுலேட்டர்: முதலில் ஹார்டுவேர் பக்கம்

பட்டன் முடிந்தது, இனி மின்சாரம். வரும் மின்னழுத்தத்தைப் போர்டுக்கு வேண்டிய அளவுக்கு மாற்றித் தருவதுதான் ரெகுலேட்டர். மே மாதத்தில் வேலூரில் 42, 43 டிகிரி சாதாரணம். தகரக் கூரைக்குக் கீழே, மூடிய பெட்டிக்குள் அது இன்னும் ஏறும். எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறையப் பாதியாகும், அதனால் 105 டிகிரி தரத்தில் உள்ளதையே கேட்டு வாங்குங்கள். 24 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் எடுக்க 7805 என்ற லீனியர் ரெகுலேட்டர் போட்டால் 1 ஆம்பியருக்கு 19 வாட் வெறும் சூடாகப் போகும், இந்த ஊரில் அது பேச்சுக்கே இடமில்லை. எல்எம்2596 பக் மாட்யூல் (வேகமாக ஆன்-ஆஃப் செய்து மின்னழுத்தத்தைக் குறைப்பது) 80 சதவீதம் அளவுக்குத் திறனுள்ளது, 10 வாட் கொடுக்கும்போது இரண்டரை வாட் சூடு. ராஸ்பெர்ரி பை 4 கேட்பது 5 வோல்ட் 3 ஆம்பியர், அது இந்தச் சிப்பின் உச்சம். உச்சத்தில் ஓட்டாமல் ஒரு படி பெரியதை எடுங்கள்.

ஒயரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். போகவும் வரவும் சேர்த்துக் கால் ஓம் இருக்கும் மெலிந்த யூஎஸ்பி ஒயரில் 2 ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட் அங்கேயே போய்விடும். 5.1 கிளம்பினால் 4.6 போய்ச் சேரும். பை 4.63க்குக் கீழே மின்னழுத்தக் குறைவு என்று எடுத்துக்கொள்ளும். விசிஜென்சிஎம்டி கட்டளையில் கெட்-த்ராட்டில்ட் கேட்டு, 16ஆவது பிட் ஏறியிருந்தால் பூட் ஆனதிலிருந்து எப்போதோ ஒருமுறை இந்தக் குறைவு நடந்திருக்கிறது என்று பொருள். ஒயரை மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். சிம் போட்டுத் தகவல் அனுப்பும் ஜிஎஸ்எம் மோடம் சேர்ந்தால் அதற்குத் தனி பக் மாட்யூல் கொடுங்கள். அனுப்பும் துடிப்பின்போது அது 2 ஆம்பியர்வரை இழுக்கும், அந்த இழுப்பைப் போர்டோடு பகிரக் கூடாது.

அப்புறம் கெர்னல் பக்கம்

மோடத்தை வேண்டும்போது அணைத்துப் போட ஒரு ஜிபிஐஓ வழியே அதன் சப்ளையைக் கட்டுப்படுத்துவது வழக்கம். இதற்கு மூன்று முறைகள் உண்டு. பின்னை நேராக நிரலிலிருந்து அசைப்பது ஒன்று. டிவைஸ் ட்ரீயில் ரெகுலேட்டர்-ஃபிக்ஸ்ட் என்று அறிவித்து, எப்போதும் ஆன் என்று விடுவது இன்னொன்று. அறிவித்துவிட்டு, அதைப் பயன்படுத்துபவர் யார் என்றும் சொல்வது மூன்றாவது.

அறிவிக்கிறவர்கள் முதலில் சந்திப்பது துருவச் சிக்கல், அதாவது பின் உயர்ந்தால் ஆனா, தாழ்ந்தால் ஆனா என்பது. ரெகுலேட்டர்-ஃபிக்ஸ்டில் எனேபிள்-ஆக்டிவ்-ஹை என்ற வரி தனியாக இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், ஜிபிஐஓ வரியில் உயர்நிலை என்று நீங்கள் எழுதியிருந்தாலும் கெர்னல் தாழ்நிலை என்றே எடுத்துக்கொள்ளும். ஆன் என்று சொல்லும்போது ஆஃப் ஆகும்.

அடுத்தது இன்னும் குழப்பும். பெட்டி பூட் ஆகிறது, மோடத்தின் விளக்கு எரிகிறது, நெட்வொர்க்கைப் பிடிக்கிறது, திடீரென்று செத்துவிடுகிறது. ரீபூட் செய்தால் மறுபடி அதே கதை. மோடத்தை மாற்றுவார்கள், சிம்மை மாற்றுவார்கள், ஆன்டெனாவை மேலே தூக்கிக் கட்டுவார்கள். டிமெசேஜ் என்ற கெர்னல் பதிவில் நேரத்தைப் பார்த்தால் விஷயம் புரியும்: பூட் முடியும் தறுவாயிலிருந்து 30 விநாடி கழித்து, யாரும் பயன்படுத்துவதாகச் சொல்லாத ரெகுலேட்டர்களைக் கெர்னல் அணைத்துவிடுகிறது. ரெகுலேட்டர்-பூட்-ஆன் என்று எழுதியது இதைத் தடுக்காது. பூட்லோடர் (கெர்னலை ஏற்றிவிடும் நிரல்) ஆன் செய்து வைத்திருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள், பிறகு அணைக்கக் கூடாது என்று பொருள் இல்லை. தடுப்பது ரெகுலேட்டர்-ஆல்வேஸ்-ஆன் மட்டும்.

ஆனால் ஆல்வேஸ்-ஆன் போட்டுவிட்டால் மோடம் உறையும்போது அதை அணைத்துப் போட வழி இல்லாமல் போகிறது, எதற்காக அந்த மாஸ்ஃபெட் போட்டோமோ அதுவே வீண். அதனால் நான் மூன்றாவது முறையைத்தான் எடுப்பேன். புதிய கெர்னல்களில் ரெகுலேட்டர்-அவுட்புட் என்று ஒரு வகை இருக்கிறது. ரெகுலேட்டரை அதோடு சேர்த்துவிட்டால் சிஸ்எஃப்எஸில் ஸ்டேட் என்ற ஃபைல் வரும், அதில் எழுதி அணைக்கலாம், போடலாம். பயன்படுத்துபவர் இருக்கிறார் என்று கெர்னலுக்குத் தெரிவதால் 30 விநாடித் தொல்லையும் இல்லை. ஆஃப்-ஆன்-டிலே என்ற வரியில் அணைத்த பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்து போட வேண்டும் என்றும் சொல்லிவிடலாம், கெப்பாசிட்டர் முழுக்க வடியாமல் திரும்பப் போட்டால் சில மோடங்கள் பாதி உயிரோடு எழும். கெர்னல் பழையதாக இருந்து மாற்ற முடியாது என்றால் முதல் முறைக்கே போங்கள், ஆனால் அந்த பின்னை டிவைஸ் ட்ரீயில் வேறு எங்கும் அறிவிக்காதீர்கள்.

சென்சார்களின் சப்ளையில் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. ஆல்வேஸ்-ஆன் போதும். டிமெசேஜில் "டம்மி ரெகுலேட்டர்" என்று வரும் வரிகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், டிரைவர் கேட்ட சப்ளை விவரிக்கப்படவில்லை, இருப்பதாக எடுத்துக்கொண்டு போகிறேன் என்கிறது கெர்னல்.

ப்ராசஸரின் மின்னழுத்தம்தான் பயப்பட வேண்டிய இடம். ஆரஞ்ச் பை ஜீரோவில் அதற்கு இரண்டே படிகள், 1.1 வோல்ட்டும் 1.3 வோல்ட்டும், ஒரு ஜிபிஐஓ பின் அதை மாற்றுகிறது. ஆரஞ்ச் பை பிசியில் எஸ்ஒய்8106ஏ என்ற சிப், ஐ2சி வழியாகப் படிப்படியாக மாற்றலாம். ப்ராசஸர் இரண்டிலும் எச்3 குடும்பம்தான், ஆனால் ஒன்றின் டிவைஸ் ட்ரீ மற்றதில் வேலை செய்யாது. பிஎம்ஐசி உள்ள போர்டுகளில் இது வேலை செய்யாமல் போவதோடு நிற்காது. ஒரு ரெகுலேட்டரின் குறைந்த அளவும் அதிக அளவும் ஒரே எண்ணாக எழுதப்பட்டிருந்தால், கெர்னல் அதைப் பதிவு செய்யும்போதே அந்த மின்னழுத்தத்தை வைத்துவிடும். யாரும் கேட்க வேண்டியதில்லை. இன்னொரு போர்டின் ஃபைலில் 3.3 என்று இருக்கும் வெளியீடு உங்கள் போர்டில் 1.8 வோல்ட் இஎம்எம்சி என்ற சேமிப்புச் சிப்புக்குப் போகலாம்.

அதனால் போர்டு எந்த ஊர்க் கடையில் வாங்கினாலும், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், அதன் சர்க்யூட் படம் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கிடைத்தால் ஒவ்வொரு ரெகுலேட்டர் வெளியீட்டையும் டிவைஸ் ட்ரீயோடு விரலை வைத்து ஒப்பிடுங்கள். பூட் ஆனதும் டீபக்எஃப்எஸில் (கெர்னலின் உள்நிலையைக் காட்டும் இடம்) ரெகுலேட்டர்-சம்மரி ஃபைலைத் திறந்து, எது எத்தனை வோல்ட்டில் இருக்கிறது, யார் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள், மல்டிமீட்டரை வைத்து முக்கியமான இரண்டு மூன்றையாவது சரிபாருங்கள். ஒரு நிமிஷம் கழித்து மறுபடி திறந்து பார்த்தால் அந்த 30 விநாடியில் எது அணைந்தது என்பதும் தெரிந்துவிடும்.